வேதாகமத்தைப் பட்டப்படிப்பாகப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடித்தவர்கள், வேறொரு பட்டம் வாங்கிவிட்டு இறையியல் கல்லூரியில் சேர நினைப்பவர்கள், முதலாம் ஆண்டிலேயே எபிரெய எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. புத்தகப் பெயர்களும் வசன எண்களும் தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

வாரந்தோறும் வேதபாட வகுப்புக்குப் போகிறேன். வேதாகமத்தை முழுதாக வாசித்திருக்கிறேன். கல்லூரியில் புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

அங்கே கேட்கும் கேள்வி வேறு. வேதபாட வகுப்பில் "இந்த வசனம் இன்று எனக்கு என்ன சொல்கிறது?" என்பதிலிருந்து தொடங்குவோம். கல்லூரியில் அது கடைசியில்தான் வரும். யார் எழுதியது, யாருக்கு, எந்த நெருக்கடியில், பாட்டா கடிதமா சட்டமா, பழைய கையெழுத்துப் படிகளில் இந்த வரி எப்படி இருக்கிறது என்பவையெல்லாம் அதற்கு முன்னால் கேட்கப்படும்.

முழுதாக வாசித்திருப்பது பெரிய மூலதனம். எரேமியா எங்கே, எஸ்றா எங்கே என்று தேடாமல் பக்கத்தைப் புரட்டும் மாணவருக்கு முதலாம் ஆண்டு பாதி சுலபம். ஆனால் அதே பழக்கம் தடையாகவும் நிற்கும்: வசனத்தைப் பார்த்ததுமே கேட்டுப் பழகிய பிரசங்கம் காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும், எழுதியிருப்பது கண்ணில் படாது. இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மத்தேயு 2-ஐத் திறந்து, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று தேடுங்கள். எண்ணிக்கையே இல்லை. 11-ஆம் வசனத்தில் அவர்கள் நுழைவது ஒரு வீட்டுக்குள். முன்னணை லூக்காவில்தான் வருகிறது. மூன்று ராஜாக்களும் மாட்டுத்தொழுவமும் நம் மனதுக்குள் நாடகமேடையிலிருந்து வந்தவை. பக்கத்தில் இருப்பதையும் நாம் கொண்டுவந்ததையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சிதான் இந்தப் படிப்பின் உயிர்.

எந்தப் பட்டம்? எங்கே? எத்தனை ஆண்டு?

இந்தியாவில் சீர்திருத்தச் சபைகளின் பெரும்பாலான கல்லூரிகள் செராம்பூர் கல்லூரியின் செனட்டோடு இணைந்தவை. கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818-ல் தொடங்கிய கல்லூரி அது. 1827-ல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனமும், 1918-ல் வங்காள அரசு இயற்றிய சட்டமும் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தன. ப்ளஸ் டூவுக்குப் பின் பி.டிஎச். (பேச்சிலர் ஆஃப் தியாலஜி); வேறு ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களுக்கு பி.டி. (பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி), பொதுவாக 4 ஆண்டு. இரண்டையும் இறையியலில் முதல் பட்டமாகத்தான் கருத வேண்டும். பி.டி. சேரும்போது ஏற்கெனவே இயற்பியலோ வணிகவியலோ படித்திருந்தாலும் வேதாகமப் படிப்பில் நீங்கள் முதலாம் ஆண்டு மாணவர்தான்.

தமிழர்கள் அதிகம் சேரும் இடங்கள்: மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி. மதுரையில் தமிழில் படிக்கலாம், பெங்களூரில் ஆங்கிலம்தான். இலங்கையில் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963-ல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கிறது. குருத்துவப் பயிற்சிக்குப் போகும் கத்தோலிக்கர்களுக்கு வழி வேறு: முதலில் தத்துவம், பிறகு இறையியல், அதற்குள் விவிலியப் பாடங்கள்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: பி.டி. முழுவதும் வேதாகமம் அல்ல. திருச்சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், அருட்பணி, சமூக ஆய்வு எல்லாம் சேர்ந்ததுதான் பாடத்திட்டம். சேருமுன் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, வேதாகமத் தாள்கள் எத்தனை, மொழித் தாள்கள் கட்டாயமா விருப்பமா என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பட்டத்தை அரசு வேலைக்கும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் ஏற்பார்களா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எந்த இடத்துக்குப் போக நினைக்கிறீர்களோ, அந்த இடத்திலேயே எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் சீனியர் ஒருவர் சேர்ந்தார்" என்ற பேச்சை நம்பி 4 ஆண்டைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆயராகும் எண்ணம் இல்லை. சேரலாமா?

சேரலாம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் சபையின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். தனியாக விண்ணப்பிப்பவர்களுக்கு இடமும் உதவித்தொகையும் குறைவு. ஊழியம் நோக்கமல்ல, சமயங்களைப் பற்றிய கல்விதான் வேண்டும் என்றால், முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவவியல் துறை இருக்கிறது. இலங்கை மாணவர்களுக்கு கிறிஸ்தவ நாகரிகம் உயர்தரத்திலேயே (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) ஒரு பாடம்.

எபிரெயமும் கிரேக்கமும் படித்தே ஆக வேண்டுமா?

ஆம் என்பதே எங்கள் பதில். பாடத்திட்டம் விருப்பப் பாடமாக வைத்திருந்தாலும் ஒன்றையாவது எடுங்கள். மொழி தெரியாதவர் இரண்டு விளக்கவுரைகள் முரண்படும்போது பெயர் பெரிதாக இருப்பவர் பக்கம் சாய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஓராண்டு மொழி படித்தவர் இருவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்.

கிரேக்கத்தில் தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு. வேற்றுமை உருபு நமக்குப் புதிதல்ல. "மரம், மரத்தை, மரத்துக்கு, மரத்தின்" என்று சொல்லின் வால் மாறிப் பொருள் மாறுவது பிறந்ததிலிருந்தே பழக்கம் என்பதால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறும் இடத்தில் நாம் கடந்துபோய்விடுவோம். நாம் திணறும் இடம் வேறு: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பாலும் எண்ணும் வேற்றுமையும் காட்டி நிற்கும் சுட்டு அடை (ஆங்கிலத்தின் the போன்றது), அதன்பின் வினையெச்சம்போலவும் பெயரெச்சம்போலவும் வரும் பங்கேற்பு வடிவங்கள் (participle). பாதியில் விடுபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் பருவத்தில் இந்தப் பங்கேற்பு வடிவங்கள் வரும்போதுதான் விடுகிறார்கள். முதல் பருவத்து அட்டவணைகள் மனப்பாடமாக இல்லாததுதான் காரணம். பங்கேற்பின் வால்கள் முன்பே படித்த பெயர்ச்சொற்களின் வால்கள்தான்.

சொற்களைப் பொறுத்தவரை கணக்கு மனதுக்குத் தெம்பு தரும். புதிய ஏற்பாட்டில் சுமார் 5,400 வெவ்வேறு சொற்கள். அவற்றில் 50 தடவைக்கு மேல் வருபவை 310 அளவுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் சொற்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அந்த 310 சொற்களே நிரப்பிவிடும். நாளைக்கு 5 சொல் வீதம், பழையதைத் திரும்பப் பார்க்கும் நாட்களையும் சேர்த்து, ஒரு பருவத்தில் முடியும். முதல் வாசிப்புக்கு 1 யோவான் நிருபம், பிறகு யோவான் நற்செய்தி, மாற்கு. எபிரெயர் நிருபத்தையும் லூக்காவின் முதல் 4 வசனங்களையும் தொடக்கத்தில் தொடாதீர்கள்.

எபிரெயத்தில் 22 எழுத்து, வலமிருந்து இடம், எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளிகளாக உயிரொலிகள். இரண்டு வாரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிடும். கடினம் பிறகுதான்: வினைச்சொல்லின் வேர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து; அதில் ஒன்று பலவீனமான எழுத்தாக இருந்தால் சில வடிவங்களில் மறைந்துபோகும். மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் பழைய அகராதி வேர்ச்சொல் வரிசையில் அமைந்திருப்பதால், மறைந்த எழுத்தைக் கண்டுபிடிக்காமல் சொல்லையே தேட முடியாது. எனவே பலவீன வினைகளுக்கு முழு வினைகளைப் போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். ரூத், யோனா, ஆதியாகமத்தின் யோசேப்பு கதை ஆகியவை தொடக்க வாசிப்புக்கு ஏற்றவை. யோபு பட்டம் முடியும் வரை காத்திருக்கட்டும்.

எபிரெய, கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யலாமா?

வேண்டாம். பேத், பே இரண்டும் தமிழில் "ப" ஆகிவிடும். கிமெல், காஃப், கோஃப் மூன்றும் "க". கிரேக்கத்தில் தௌ, தெல்தா, தேத்தா மூன்றும் "த". ஒரு மாதம் இப்படி எழுதிப் பழகியவர் அகராதியில் எந்த எழுத்தின் கீழ் தேடுவதென்று தெரியாமல் நிற்பார். முதல் நாளிலிருந்தே அந்தந்த எழுத்திலேயே, கையால் எழுதுங்கள்.

எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பது?

ஒன்று போதாது. குறைந்தது இரண்டை மேசைமேல் விரித்து வையுங்கள். இதற்குக் காரணம் நம் வேதாகமத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15-ல் அச்சிட்ட புதிய ஏற்பாடுதான் இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது. பிறகு பப்ரிசியுஸ், ரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் எனப் பல கைகளைக் கடந்து, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-ல் முடித்த மொழிபெயர்ப்புதான் இன்றும் சபைகளில் பரவலாக வாசிக்கப்படுகிறது. அது அக்காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்டிருந்த கிரேக்க மூலபாடத்தைத் தழுவியது. நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளை அறிஞர்கள் முழுமையாக எடை போட்டு மூலபாடத்தைத் திருத்தியது அதற்குப் பின்னர்தான். 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அந்தத் திருத்திய மூலபாடத்தைத் தழுவியது.

வித்தியாசம் எங்கே தெரியும்? மாற்கு 10:18-ல் தன்னை "நல்ல போதகரே" என்று அழைத்தவனிடம் இயேசு, என்னை நல்லவன் என்று சொல்வானேன் என்கிறார். இணையான மத்தேயு 19:17-ஐப் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள். அதே கேள்விதான் இருக்கும். திருவிவிலியத்தில் மத்தேயுவின் இயேசு கேட்பது வேறு: நன்மையைப் பற்றி என்னை ஏன் கேட்கிறீர் என்கிறார். பழமையான படிகளில் மத்தேயுவின் வரி இப்படித்தான் இருக்கிறது. பின்னால் வந்த படியெடுப்பாளர்கள், மனதில் பதிந்திருந்த மாற்கின் வரியை மத்தேயுவிலும் எழுதிவிட்டார்கள். பழைய மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து மத்தேயுவையும் மாற்கையும் ஒப்பிடும் மாணவர் "இங்கே வேறுபாடு இல்லை" என்று எழுதி மதிப்பெண் இழப்பார். கண்ணால் பார்த்துத்தான் எழுதினார், ஆனால் பார்த்த பிரதி ஏற்கெனவே சமன் செய்யப்பட்டது. 1 யோவான் 5:7-ல் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றிய வாக்கியமும் அப்படித்தான். பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும், திருவிவிலியத்தில் இருக்காது, பழமையான கிரேக்கப் படிகளிலும் இல்லை.

இதனால் பழைய மொழிபெயர்ப்பை ஒதுக்கிவிட வேண்டாம். பல இடங்களில் அது மூலத்தின் சொல்லமைப்பை நெருக்கமாகப் பின்பற்றுகிறது. பழைய ஏற்பாட்டில் கடவுளின் தனிப்பெயர் வரும் இடத்தில் "கர்த்தர்", பொதுப்பெயர் வரும் இடத்தில் "தேவன்" என்று பெரும்பாலும் பிசகாமல் போடுகிறது. அடுத்த பதிலில் இது உதவும்.

ஐந்தாகமத்தை (வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களை) மோசே எழுதவில்லை என்று வகுப்பில் சொல்வார்களாமே?

முதலில் வாசிக்கச் சொல்வார்கள். ஆதியாகமம் 6 முதல் 9 வரை உள்ள ஜலப்பிரளயக் கதையை எடுத்து, "தேவன்" வரும் வசனங்களை ஒரு நிறத்திலும் "கர்த்தர்" வரும் வசனங்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். 6:19-ல் எல்லா ஜீவன்களிலும் ஒவ்வொரு ஜோடு, பேசுவது தேவன். 7:2-ல் சுத்தமானவற்றில் ஏழேழு ஜோடு, பேசுவது கர்த்தர். 7:12-ல் நாற்பது நாள் மழை, 7:24-ல் நூற்றைம்பது நாள் வெள்ளம். 7:16-ல் தேவன் கட்டளையிட்டபடி மிருகங்கள் உள்ளே போகின்றன, அதே வசனத்தில் கர்த்தர் கதவை அடைக்கிறார். நிறங்கள் பிரிந்ததும் ஒவ்வொரு நிறமும் ஏறக்குறைய தனிக் கதையாகவே ஓடும்.

இதைப் போன்ற அவதானிப்புகளிலிருந்துதான் ஐந்தாகமம் பல மூல ஆவணங்களிலிருந்து தொகுக்கப்பட்டது என்ற கருத்து வளர்ந்தது. 1878-ல் ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன் அதற்கு நான்கு ஆவணங்கள் என்ற புகழ்பெற்ற வடிவத்தைக் கொடுத்தார். இன்று அந்த வடிவத்தை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. உபாகமமும் ஆசாரியப் பகுதிகளும் தனித்தன்மை உடையவை என்பதில் பரந்த உடன்பாடு உண்டு, மற்றவற்றில் வாதம் தொடர்கிறது. தேர்வில் "நான்கு ஆவணங்கள்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அரை மதிப்பெண்தான். எந்த வசனங்கள் இந்தக் கருத்தைத் தூண்டின, எங்கே அது தடுமாறுகிறது என்று காட்ட வேண்டும்.

இதையெல்லாம் படித்தால் விசுவாசம் போய்விடாதா?

சிலருக்கு முதலாம் ஆண்டில் நிஜமாகவே கலக்கம் வரும். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் கலக்கம் வருவது வேதாகமத்தால் அல்ல, வேதாகமம் எப்படி உருவாகியிருக்க வேண்டும் என்று நாம் முன்னமே முடிவு செய்திருந்ததால். வெள்ளக் கதையைத் தொகுத்தவர் இரண்டு எண்ணிக்கைகளையும் பார்க்காமலா விட்டிருப்பார்? பார்த்தார், இரண்டையும் காப்பாற்றி வைத்தார். தமக்குக் கிடைத்த மரபை வெட்டி எறிய மனமில்லாத ஒருவரின் பயபக்தி அதில் இருக்கிறது. கலக்கம் வந்தால் விடுதி அறையில் தனியாக வைத்துப் புழுங்காமல் ஆசிரியரிடம் பேசுங்கள். தொடர்ந்து ஜெபிப்பதையும் ஆலயத்துக்குப் போவதையும் "முதலில் படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

மூன்று நற்செய்திகளை ஒப்பிடச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது?

வண்ணப் பென்சில்களோடு. மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் வரும் ஒரு பகுதியை நீள்வாக்கில் மூன்று பத்திகளாகக் கையால் எழுதுங்கள். மூன்றிலும் பொதுவான சொற்களுக்கு ஒரு நிறம். மத்தேயுவும் மாற்கும் மட்டும் பகிர்வதற்கு ஒன்று. மாற்கும் லூக்காவும் பகிர்வதற்கு ஒன்று. மத்தேயுவும் லூக்காவும் பகிர்வதற்கு ஒன்று. ஒருவரிடம் மட்டும் இருப்பதை நிறமில்லாமல் விடுங்கள்.

புயலை அமர்த்திய பகுதியில் (மத்தேயு 8:23-27, மாற்கு 4:35-41, லூக்கா 8:22-25) தொடங்கலாம். மாற்கில் இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணை மற்ற இருவரிடமும் இல்லை. வேறு படகுகளும் கூட வந்தன என்பதும் மாற்கில் மட்டும். பிறகு சீஷர்களின் குரலைக் கேளுங்கள். மாற்கில் "போதகரே" என்று அழைத்து, நாங்கள் மடிவது உமக்குக் கவலையில்லையா என்று கடிந்துகொள்கிறார்கள். லூக்காவில் "ஐயரே, ஐயரே" என்ற பதற்றம், கடிதல் இல்லை. மத்தேயுவில் "ஆண்டவரே, எங்களை இரட்சியும்": கிட்டத்தட்ட ஆலயத்தில் சொல்லும் ஜெபம். இன்னும் ஒன்று. மாற்கிலும் லூக்காவிலும் இயேசு முதலில் புயலை அதட்டிவிட்டுப் பிறகு சீஷர்களின் விசுவாசத்தைக் கேட்கிறார். மத்தேயுவில் அலை படகை மூடிக்கொண்டிருக்கும்போதே "அற்பவிசுவாசிகளே" என்று கேட்டுவிட்டுப் பிறகுதான் எழுந்து காற்றை அதட்டுகிறார்.

இவ்வளவும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, மாற்குதான் முதலில் எழுதப்பட்டது என்ற பெரும்பான்மைக் கருத்தைப் படியுங்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றும் கேள்வியை ஒருவர் மென்மையாக்கியிருப்பார் என்பது எளிதில் புரியும். மென்மையான ஜெபத்தை இன்னொருவர் குற்றச்சாட்டாக மாற்றியதற்குக் காரணம் சொல்வது கடினம். மத்தேயுவே முதல் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுப்பது மத்தேயுவும் லூக்காவும் மாற்குக்கு எதிராக ஒத்துப்போகும் இடங்களை. உங்கள் தாளில் அந்த நிறம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிவிட்டு அவர்களோடு வாதிடுங்கள்.

இந்தப் பயிற்சியில் வழக்கமாக நடக்கும் தவறு, விளக்கவுரையிலிருந்து வேறுபாடுகளின் பட்டியலை எடுத்து எழுதுவது. அப்படி எழுதியவருக்கு அடுத்த பகுதியைக் கொடுத்தால் கை ஓடாது.

எக்ஸிஜீசிஸ் கட்டுரை எப்படி எழுதுவது?

ஒரு பகுதியை எடுத்து அதன் பொருளை மூலத்திலிருந்து விளக்கும் கட்டுரை இது, பட்டத்தின் முதுகெலும்பு. மூன்று வாரம் கையில் இருந்தால், முதல் வாரம் முழுவதும் பகுதியைத் தவிர வேறு எதையும் படிக்காதீர்கள்.

முதல் வேலை, பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பது. அதிகாரப் பிரிவுகளை நம்ப வேண்டாம். அவை 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் பாரிஸ் அச்சகத்தார் எஸ்தியேன் போட்டவை. ஏசாயாவின் பாடுபடும் தாசனைப் பற்றிய பாட்டு 53:1-ல் அல்ல, 52:13-ல் தொடங்குகிறது. 53:1-ல் தொடங்கி எழுதினால் "என் தாசன்" உயர்த்தப்படுவார் என்று கர்த்தரே அறிவிக்கும் முன்னுரை கைநழுவிப்போகும். முடிவில் திரும்ப வரும் கர்த்தரின் குரலும் காரணமில்லாமல் நிற்கும். மாற்கு 9:1-உம் அதற்கு முந்தைய அதிகாரத்தின் பேச்சோடு சேர்ந்தது.

அடுத்து உங்கள் சொந்த மொழிபெயர்ப்பு. கரடுமுரடாக இருக்கட்டும். எந்தச் சொல்லில் தடுமாறினீர்களோ அங்கே அடிக்கோடிடுங்கள். கட்டுரைக்கான கேள்விகள் அங்கேயிருந்துதான் கிடைக்கும். பிறகு மூலபாட வேறுபாடுகள். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் ஆய்வுப் பதிப்பான நெஸ்ட்லே-ஆலண்ட் பதிப்பின் அடிக்குறிப்பில் இருக்கும் எல்லாவற்றையும் எழுத வேண்டாம், பொருளை மாற்றும் ஒன்றிரண்டு போதும். எந்த வாசகம் மற்றொன்று தோன்றியதற்குக் காரணம் சொல்ல முடியுமோ அதுவே பெரும்பாலும் பழையது என்பது அடிப்படை விதி. படிகளை எண்ணி வாக்கெடுப்பு நடத்துவதல்ல.

பிறகு அமைப்பு. மாற்கு 5:21-43-ல் யவீருவின் மகள் கதைக்கு நடுவே பெரும்பாடுள்ள பெண்ணின் கதை நுழைகிறது. அந்தப் பெண் நோயோடு இருந்தது 12 ஆண்டு, சிறுமியின் வயதும் 12. ஒருத்தியை "மகளே" என்று அழைக்கிறார்; அடுத்த வசனத்திலேயே "உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்" என்ற செய்தி வருகிறது. ஒரு கதையைத் தனியாக வெட்டி எழுதினால் இது எதுவும் கண்ணில் படாது. இலக்கிய வடிவமும் வரலாற்றுச் சூழலும் இதற்கு அடுத்தபடி.

இரண்டாம் வாரத்தில்தான் விளக்கவுரைகள். வெவ்வேறு நிலைப்பாடுள்ள மூன்று போதும். பத்து விளக்கவுரை படித்தவர் கட்டுரையில் தன் குரலே இருக்காது. மூவரும் முரண்படும் இடத்தைப் பிடித்து, உங்கள் தீர்ப்பையும் காரணத்தையும் எழுதுங்கள். மூன்றாம் வாரம் எழுதவும் திருத்தவும். ஆங்கில விளக்கவுரையின் பத்தியைத் தமிழாக்கி மேற்கோள் இல்லாமல் போடுவதும் திருட்டுத்தான். தமிழ்வழி மாணவர்கள் பலர் இது தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் குறைவதற்குப் பெரிய காரணம், கட்டுரை பாதியிலேயே பிரசங்கமாகிவிடுவது. "நாமும் இவ்வாறு வாழ்வோமாக" என்ற வாக்கியம் மூன்றாம் பக்கத்தில் வந்தால் ஆசிரியர் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவார். இன்றைய பொருத்தத்துக்குக் கடைசியில் ஒரு பகுதி உண்டு, அங்கே எழுதுங்கள்.

சொல்லாராய்ச்சி செய்யும்போது எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

"அகாபே என்றால் தெய்வீக அன்பு, ஃபிலியா என்றால் மனித அன்பு" என்ற பிரசங்கப் பாகுபாட்டில். 2 சாமுவேல் 13-ல் அம்னோன் தாமார்மேல் கொண்ட வெறிக்குப் பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு போடுவது அகாபேயின் வினைச்சொல்லையே. யோவான் 5:20-ல் பிதா குமாரனை நேசிப்பதற்கு வருவதோ ஃபிலியாவின் வினை. சொல்லின் பொருள் அது நிற்கும் வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு சொல்லை ஆராய்வதென்றால், அது வரும் இடங்களை முதலில் அதே புத்தகத்திலும், பிறகு அதே ஆசிரியரிடமும், பிறகே மற்றவர்களிடமும் தேடுங்கள். கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட ஸ்டெப் பைபிள் இணையத்தில் இலவசம்; தேடும் வேலையை நொடியில் முடித்துத் தரும். தேடிய இடங்களை வாசிக்கும் வேலை உங்களுடையது.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. எபிரெயப் பதிப்பில் சங்கீதத்தின் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். நம் சங்கீதம் 51:1 அங்கே 51:3. யோவேல் 2:28 அங்கே 3:1. விளக்கவுரையின் எண் பொருந்தாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

வரலாற்றில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

சில ஆண்டுகள் தூக்கத்திலும் வர வேண்டும்: கி.மு. 722 சமாரியாவின் வீழ்ச்சி, 587 எருசலேமின் அழிவு, 539 பாபிலோன் பாரசீகரிடம் விழுந்தது, 515 இரண்டாம் ஆலயம், 167 மக்கபேயர் கிளர்ச்சி, கி.பி. 70 ஆலயத்தின் அழிவு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தத் தூண்களில் எதற்கும் எதற்கும் நடுவே அது நிற்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். ஏசாயா 45:1-ல் பாரசீக அரசர் கோரேசு பெயரோடு வருகிறார் என்றால் பேச்சு 539-ஐ ஒட்டியது என்று தெரியும்; 40-ஆம் அதிகாரத்திலிருந்து தொனி ஏன் மாறுகிறது என்பதும் புரியத் தொடங்கும். புதிய ஏற்பாட்டில் டெல்பியில் கிடைத்த கல்லியோன் கல்வெட்டு முக்கியம். அப்போஸ்தலர் 18:12-ல் பவுலை விசாரித்த அதிபதி அவர். கல்வெட்டு அவரது பதவிக்காலத்தை கி.பி. 51-52 அளவில் நிறுத்துவதால், பவுலின் பயணங்களை அங்கிருந்து முன்னும் பின்னும் கணக்கிடலாம்.

நம் சூழலிலிருந்து வாசிக்க இடம் உண்டா, அல்லது மேலைநாட்டார் சொன்னதைத்தான் ஒப்பிக்க வேண்டுமா?

இடம் உண்டு, உரிமையும் உண்டு. 1980-களில் தலித் இறையியலை முன்வைத்த அர்விந்த் நிர்மல் பின்னர் சென்னை குருகுலில் பணியாற்றியவர். அவர் உபாகமம் 26:5-ஐ எடுத்து, தன் முன்னோர் நாடோடிகளாய், ஒடுக்கப்பட்டவர்களாய் இருந்ததை அறிக்கையிடும் சமூகமாக இஸ்ரவேலை வாசித்தார். அந்த வாசிப்பு வலிமையாக நிற்பதற்குக் காரணம், அது வசனத்தின் அமைப்பின்மேலேயே நிற்கிறது: கதறல், கர்த்தர் கேட்டது, விடுதலை, நிலம். "எங்கள் ஊரில் இப்படி நடக்கிறது" என்று தொடங்கி வசனத்தைக் கடைசியில் ஒட்டவைக்கும் கட்டுரைகள் ஏன் வலுவிழக்கின்றன என்பதும் இதிலிருந்தே தெரியும். சாதியையும் நிலத்தையும் அனுபவத்தில் அறிந்த மாணவர், ஆமோசிலும் லூக்காவிலும் மற்றவர் தாண்டிப்போகும் விவரங்களைப் பார்ப்பார். பார்த்ததை வசன ஆதாரத்தோடு எழுதுங்கள்.

தமிழ்வழியில் படித்தால் பின்தங்கிவிடுவோமா?

விடைத்தாளில் இல்லை, நூலகத்தில் உண்டு. நல்ல விளக்கவுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. முதலாம் ஆண்டிலேயே வாரம் ஒரு ஆங்கிலக் கட்டுரையை, ஒரு வேதாகம அகராதியிலிருந்து 3 பக்க அளவில், தமிழில் அரைப் பக்கமாகச் சுருக்கி எழுதுங்கள். மூன்றாம் ஆண்டுக்குள் துறைச்சொற்கள் இரண்டு மொழியிலும் கைவசமாகிவிடும்.

எந்தப் புத்தகங்களைச் சொந்தமாக வாங்க வேண்டும்?

கிரேக்கப் புதிய ஏற்பாடு, திருவிவிலியம், ஆய்வுக் குறிப்புகளுள்ள ஒரு ஆங்கில வேதாகமம், ஒரு ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் நூல்). எபிரெய வேதாகமத்தை இரண்டாம் பருவத்தில் வாங்கலாம், கி.பி. 1008 அளவில் எழுதப்பட்ட லெனின்கிராட் படியின் அடிப்படையிலான ஸ்டுட்கார்ட் பதிப்பு கல்லூரிகளில் வழக்கம். விளக்கவுரைத் தொகுதிகளை மொத்தமாக வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள். ஒரே தொகுதியில் ஒரு புத்தகத்துக்குச் சிறப்பாக இருக்கும், அடுத்ததற்குச் சுமாராக இருக்கும்.

தேர்வுக்கு எப்படித் தயாராவது?

ஒவ்வொரு வேதாகமப் புத்தகத்துக்கும் ஒரு அட்டை: காலம், சூழல், அமைப்பு, விவாதத்துக்குரிய ஒரு கேள்வி, மனப்பாடமாகத் தெரிந்த மூன்று முக்கியப் பகுதிகளின் எண்கள். பவுலின் நிருபங்கள் என்றால், ஐயமின்றி அவருடையவை என்று ஏற்கப்படும் ஏழும் (ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன்) தனிக் கட்டு. அறிஞர் பெயர்களை அடுக்குவதைவிட, ஒரு வசனத்தைச் சரியாகச் சுட்டி அதிலிருந்து வாதிடும் விடைக்கே மதிப்பெண் அதிகம்.

பட்டத்துக்குப் பிறகு?

வேதாகமத்தில் எம்.டிஎச். (இறையியல் முதுகலை) போக விரும்பினால் பழைய ஏற்பாட்டுக்கு எபிரெயம், புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம் கையில் இருந்தே ஆக வேண்டும். பட்டம் முடித்து ஊழியத்தில் இரண்டு, மூன்று ஆண்டு கழித்து விண்ணப்பிப்பவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மொழி அதற்குள் மறந்துபோயிருக்கும். வாரப் பிரசங்கப் பகுதியிலிருந்து நாளுக்கு 3 வசனம் மூலத்தில் வாசித்தால் போதும், காலையில் 15 நிமிடம். பிரசங்கத்துக்கும் அதுவே தயாரிப்பு.